இடம் பத்தாவிட்டால் என்ன? சி மொழியில் ஸ்டிரிங்கைப் பத்திரமாக நகலெடுப்பது

பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ பழகிவிட்டு சி மொழிப் பக்கம் வருகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் ஸ்டிரிங்தான். அங்கே ஒரு ஸ்டிரிங்கை இன்னொரு பெயருக்குக் கொடுக்க ஒரு சமக்குறி போதும். சி-யில் அதே வேலைக்கு ஏழெட்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. முதலில் வந்தது ஆபத்து என்பார்கள். அதற்கு மாற்றாக நினைத்துக்கொண்டதையும் தொடாதே என்பார்கள். அதற்கும் மாற்றாக வந்ததை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே தூக்கிவிட்டதே என்பார்கள். புதிதாகக் கற்பவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

உண்மையில் இந்த ஃபங்ஷன்கள் எல்லாம் ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு பதில்கள். வைக்க வேண்டியது பெரியது, வைக்கும் இடம் சின்னது. இப்போது என்ன செய்வது? ஒவ்வொரு ஃபங்ஷனிடமும் இதைக் கேட்டுப் பார்த்தால் எதை எங்கே பயன்படுத்தலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

மெமரியில் ஸ்டிரிங் எப்படி இருக்கிறது

சி-யில் ஸ்டிரிங் என்று தனியாக ஒரு டைப் கிடையாது. வரிசையாகச் சில பைட்டுகள், முடிவில் மதிப்பு 0 ஆக உள்ள ஒரு பைட். அவ்வளவுதான். முடிவில் இருக்கும் அந்த பைட்டுக்கு நல் என்று பெயர். "4719" என்ற ஸ்டிரிங் மெமரியில் இப்படி இருக்கும்:

52 | 55 | 49 | 57 | 0

நான்கு இலக்கம், ஆனால் ஐந்து பைட். (இலக்கமாக எழுதும் பூஜ்யத்தின் ஆஸ்கி மதிப்பு, அதாவது அந்த எழுத்துக்குக் கணினி கொடுக்கும் எண், 48. நல் என்பது அதுவல்ல. உண்மையிலேயே மதிப்பு 0 உள்ள பைட்.)

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்டிரிங்கின் நீளம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை என்பது. ஸ்டர்லென் என்ற ஃபங்ஷன் நீளத்தைச் சொல்கிறதே என்றால், அது ஒவ்வொரு முறையும் முதல் பைட்டிலிருந்து நல் வரும்வரை எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறது. நல் காணாமல் போயிருந்தால் ஸ்டிரிங்கைத் தாண்டி அடுத்தவர் மெமரிக்குள்ளும் எண்ணிக்கொண்டே போகும்.

நீளமே தெரியாதபோது, அதை வைக்க ஒதுக்கிய இடமான பஃபரின் அளவு மட்டும் தெரியுமா? அதுவும் தெரியாது. 8 பைட் அரே ஒன்றை அறிவித்து அதை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பினால், உள்ளே போய்ச் சேருவது அரேயின் முதல் பைட்டின் முகவரி மட்டும்தான். '8' என்ற தகவல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஃபங்ஷனுக்கு உள்ளே, அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்தால் 64 பிட் கணினியில் 8 என்றே வரும். ஆனால் அது முகவரியை வைத்திருக்கும் பாயின்ட்டரின் அளவு, அரேயின் அளவு அல்ல. 100 பைட் அரேயை அனுப்பினாலும் அதே 8 வரும். அரே தற்செயலாக 8 பைட்டாக இருந்துவிட்டால் சோதனையில் எல்லாம் சரியாக ஓடி, பிறகு அளவை மாற்றும் நாளில் காலை வாரும்.

ஸ்டர்காப்பி செய்வது என்ன

எஸ், டி, ஆர், சி, பி, ஒய் என்று ஆறே எழுத்தில் எழுதப்படும் ஸ்டர்காப்பிக்கு இரண்டு முகவரிகள் கொடுக்க வேண்டும்: எங்கே வைப்பது, எங்கிருந்து எடுப்பது. மூலத்திலிருந்து ஒரு பைட் எடுக்கும், சேருமிடத்தில் வைக்கும், அது நல்லாக இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த பைட்டுக்குப் போகும். இடம் பத்தாவிட்டால் என்ன என்ற கேள்விக்கு அதனிடம் பதிலே இல்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அதற்குத் தெரியாது.

பல தகவல்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ஒரு ஸ்டிரக்ட் எடுத்துக்கொள்வோம். அதில் முதலில் 8 பைட்டில் ஒரு எண்ணை ஸ்டிரிங்காக வைக்க இடம். அதை ஒட்டியே ஒரு பைட்டில் ஒரு கொடி: இவர் நிர்வாகியா இல்லையா. 0 என்றால் இல்லை, வேறு எதுவாக இருந்தாலும் ஆமாம்.

7 இலக்கங்கள் வந்தால் பிரச்சினை இல்லை. ஏழும் நல்லும் சேர்ந்து எட்டு பைட்டில் அடங்கிவிடும். 8 இலக்கங்கள் வந்தால் நல் ஒன்பதாவது பைட்டில், அதாவது கொடியின் மேல் விழும். நிர்வாகியாக இருந்தவர் சத்தமில்லாமல் சாதாரணப் பயனராகிவிடுவார். "123456789" என்று 9 இலக்கங்கள் வந்தால் கடைசி 9, அதாவது 57 என்ற மதிப்பு, கொடியில் போய் உட்காரும். 57 பூஜ்யம் அல்லவே. சாதாரணப் பயனர் நிர்வாகியாகிவிட்டார். பாஸ்வேர்டு எதையும் உடைக்கவில்லை, எண்ணை மட்டும் கொஞ்சம் நீளமாக அடித்தார், அவ்வளவுதான்.

சி-யின் விதிப்படி பஃபருக்கு வெளியே எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புரோகிராம் உடனே நின்றுபோகலாம், பல மாதம் நன்றாக ஓடவும் செய்யலாம். உடனே நின்றுபோனால் அது அதிர்ஷ்டம் என்றே நான் சொல்வேன்.

ஃபங்ஷன் ஓடும்போது அதற்கென ஒதுக்கப்படும் மெமரியான ஸ்டாக்கில் உள்ள பஃபர் என்றால் இன்னும் மோசம். ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அதே ஸ்டாக்கில்தான் இருக்கிறது. அந்த முகவரியின் மேல் எழுத முடிந்தவர், புரோகிராம் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யலாம். 1988 நவம்பரில் இணையத்தில் தானாகவே பரவிய மாரிஸ் வொர்ம் என்ற புரோகிராம் பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று. ஃபிங்கர் என்ற சேவையை நடத்திய புரோகிராம் 512 பைட் பஃபர் ஒன்றில் கெட்ஸ் என்ற ஃபங்ஷன் மூலம் வரும் வரியை வாங்கிக்கொண்டிருந்தது. வொர்ம் அதற்கு 536 பைட் அனுப்பியது. கூடுதலாகப் போனது 24 பைட்தான். கெட்ஸ் நகலெடுக்கும் ஃபங்ஷன் அல்ல, உள்ளீடு வாங்கும் ஃபங்ஷன். ஆனால் வியாதி ஒன்றுதான். அதற்கும் பஃபரின் அளவைச் சொல்ல வழியில்லை. அதைச் சி தரநிலையிலிருந்து நீக்க 2011 வரை ஆனது. ஸ்டர்காப்பி இன்றும் தரநிலையில் இருக்கிறது.

என் சேர்ந்தால் போதுமா

சரி, அளவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால்? அதற்குத்தானே ஸ்டர்என்காப்பி இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இடையில் ஓர் 'என்'. மூன்றாவதாக ஓர் எண் வாங்குகிறது. அத்தனை பைட்டுக்கு மேல் எழுதாது. பார்த்தால் பாதுகாப்பாகத்தான் தெரிகிறது.

ஆனால் அது அந்த வேலைக்குப் பிறந்ததே அல்ல. ஆரம்பகால யூனிக்ஸில் டைரக்டரியில் ஒவ்வொரு கோப்புக்கும் 16 பைட் ஒதுக்கியிருந்தார்கள். அதில் 2 பைட் கோப்பை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணுக்கு, 14 பைட் பெயருக்கு. பெயர் சின்னதாக இருந்தால் மீதி இடம் முழுவதும் 0. பெயர் சரியாக 14 எழுத்து இருந்தால் நல் வைக்க இடமில்லை, வைக்கவும் தேவையில்லை; 14-க்கு மேல் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட நிலையான அகலக் கட்டங்களை நிரப்ப எழுதப்பட்டது ஸ்டர்என்காப்பி. அந்த வேலைக்கு அது கச்சிதமான ஃபங்ஷன்.

சாதாரண ஸ்டிரிங்கை வைக்க அதைப் பயன்படுத்தும்போதுதான் இரண்டு குணங்களும் திரும்பித் தாக்குகின்றன. மூலத்தின் நீளம் பஃபர் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் நல் வைக்காமலேயே வந்துவிடும். எழுதும்போது எதுவும் உடையாது. பிறகு எங்கோ ஒரு மூலையில் யாரோ அந்த பஃபரை அச்சிடும்போது, நல்லைத் தேடிப் பக்கத்து மெமரியையும் சேர்த்துப் படிக்கும். அங்கே வேறொருவரின் ரகசியம் இருந்தால் அதுவும் திரையில் வரும். இன்னொரு பக்கம், 4096 பைட் பஃபரில் "4719"-ஐ வைக்கச் சொன்னால், நான்கு இலக்கத்தை வைத்துவிட்டு மீதி 4092 பைட்டிலும் பொறுமையாக 0 எழுதிக்கொண்டிருக்கும்.

இதற்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு: அளவில் ஒன்றைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, கடைசி பைட்டில் நாமே நல் வைப்பது. வேலை செய்யும், ஒரே ஓர் இடத்தில் மறந்தால் போச்சு.

மூன்றாவதாகக் கொடுக்கும் எண் எதன் அளவு என்பதிலும் ஏமாறுகிறார்கள். நிறைய கோடில் அந்த இடத்தில் மூலத்தின் ஸ்டர்லென்னைப் போட்டிருப்பதைப் பார்க்கலாம். மூலம் எவ்வளவு நீளமோ அவ்வளவு எழுது என்று சொல்வது, எல்லையே இல்லை என்று சொல்வதற்குச் சமம். போதாக்குறைக்கு நல்லும் வந்து சேராது. எல்லை எப்போதும் சேருமிடத்தின் அளவாகவே இருக்க வேண்டும். ஜிசிசி கம்பைலரின் புதிய பதிப்புகள் இந்தத் தவறை எச்சரிக்கையாகக் காட்டுகின்றன. அந்த எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள்.

வெட்டிவிட்டுச் சொல்கிறவர்கள்

1998-இல் ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தின் குழுவினர் ஸ்டர்எல்காப்பியைக் கொண்டுவந்தார்கள். எழுதியவர்கள் டாட் மில்லரும் தியோ டி ராட்டும். பஃபரின் முழு அளவைக் கொடுத்தால் போதும். ஒன்றைக் குறைப்பது, நல் வைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. அளவு 0 ஆக இல்லாதவரை நல் நிச்சயம். இடம் பத்தாவிட்டால் வெட்டும். வெட்டியதை நாம் தெரிந்துகொள்ள, மூலத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். அந்த எண் பஃபர் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் வெட்டு விழுந்திருக்கிறது என்று பொருள். 8 பைட் பஃபரில் 9 இலக்கங்களை வைக்கச் சொன்னால், முதல் 7 இலக்கங்களும் நல்லும் உள்ளே இருக்கும், கையில் 9 வரும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் சி நூலகமான ஜிலிப்சி இதைச் சேர்த்துக்கொள்ளப் பல ஆண்டுகள் மறுத்துவந்து, 2023-இல் வந்த 2.38 பதிப்பில்தான் சேர்த்தது. சத்தமில்லாமல் வெட்டுவதும் ஒரு பிழைதானே என்பது மறுத்தவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது, கீழே பார்ப்போம். 2024-இல் யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரநிலையிலும் ஸ்டர்எல்காப்பி இடம்பிடித்தது.

வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய அதே சமயத்தில் லினக்ஸ் கெர்னல் அதை வெளியே அனுப்பியது. முழு நீளத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதால் ஸ்டர்எல்காப்பி மூலத்தைக் கடைசிவரை படித்தே ஆக வேண்டும். 8 பைட் பஃபருக்காக ஒரு மெகாபைட் மூலத்தையும் முழுதாகப் படிக்கும். மூலத்தில் நல்லே இல்லையென்றால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து வரும் எதையும் நம்ப முடியாத கெர்னலுக்கு இது சரிப்படாது. அதனால் 2015-இல் ஸ்டர்எஸ்காப்பி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். இது பஃபர் அளவுக்கு மேல் மூலத்தைத் தேடிப் போகாது. எல்லாம் அடங்கினால் எத்தனை பைட் நகலானது என்று சொல்லும், வெட்டினால் ஒரு எதிர்ம எண்ணைத் தரும். எதிர்மமா என்று மட்டும் பார்த்தால் போதும், ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கெல்லாம் இல்லை. 2024-இல் வந்த 6.8 கெர்னலில் பழைய ஸ்டர்எல்காப்பி முழுவதுமாக நீக்கப்பட்டது. ஆனால் ஸ்டர்எஸ்காப்பி கெர்னலுக்குள் மட்டும் இருப்பது. சாதாரண சி நூலகத்தில் அதைத் தேட வேண்டாம்.

எங்கேயும் கிடைக்கும் ஒன்று வேண்டும் என்றால் எஸ்என்பிரின்ட்எஃப். 1999 தரநிலையிலிருந்து இருக்கிறது. இதுவும் நல் வைக்கும், வெட்டும், வெட்டாமல் இருந்தால் எவ்வளவு நீளம் வந்திருக்கும் என்று சொல்லும். வெறும் நகலுக்கு இது கொஞ்சம் மெதுவானது. வெளியிலிருந்து வந்த ஸ்டிரிங்கை நேராக ஃபார்மட், அதாவது எதை எப்படி எழுதுவது என்று சொல்லும் ஸ்டிரிங், வர வேண்டிய இடத்தில் வைக்காதீர்கள். சதவீதக் குறியும் எஸ்ஸும் சேர்ந்த ஃபார்மட்டைக் கொடுத்து, ஸ்டிரிங்கை அதற்குப் பின்னால் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதில் இருக்கும் சதவீதக் குறிகளெல்லாம் கட்டளைகளாகிவிடும், அது தனி ஓட்டை.

2011 தரநிலையின் பின்னிணைப்பில் ஸ்டர்காப்பியின் பெயருக்குப் பின்னால் அடிக்கோடும் எஸ்ஸும் சேர்த்து ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. இடம் பத்தாவிட்டால் வெட்டாது, பிழை என்று அறிவிக்கும். கருத்து நல்லதுதான். ஆனால் கட்டாயமில்லாத பின்னிணைப்பு என்பதால் மைக்ரோசாஃப்ட் உலகத்துக்கு வெளியே இதை அதிகம் பார்க்க முடியாது. வெவ்வேறு கணினிகளில் ஓட வேண்டிய கோடில் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வெட்டலாமா என்பதை யார் முடிவு செய்வது

பஃபருக்கு வெளியே எழுதாமல் இருப்பது பாதிக் கிணறுதான். "அறிக்கை-2023-நகல்" என்ற கோப்பை அழிக்கச் சொல்கிறார் ஒருவர். பெயரை வைக்கும் பஃபர் சரியாக 2023 என்ற இடத்தில் நிறைந்துவிடுகிறது. நல் இருக்கிறது, மெமரி பத்திரமாக இருக்கிறது, எந்தக் கருவியும் குறை சொல்லாது. அழிந்துபோனது மட்டும் "அறிக்கை-2023" என்ற அசல்.

திரையில் காட்டும் ஒரு தலைப்பு, லாக் கோப்பில் ஒரு வரி, இதையெல்லாம் வெட்டினால் குடி முழுகாது. கோப்புப் பாதை, பயனர் பெயர், கட்டளை, பாஸ்வேர்டு இவற்றில் வெட்டு விழுந்தால் அது வேறொரு பொருளாகிவிடும். அங்கே வெட்டாமல், பிழை என்று திருப்பி அனுப்புவதுதான் சரி. எந்த ஃபங்ஷனைப் பயன்படுத்தினாலும் அது திருப்பித் தரும் எண்ணைப் பார்க்காமல் விட்டால், வெட்டலாம் என்று நாம் சம்மதம் கொடுத்துவிட்டோம் என்றே ஆகும்.

வெட்டவே கூடாத இடங்களில் எனக்குப் பிடித்தது மிகச் சாதாரணமான ஒரு வழி. மூலத்தின் நீளத்தை ஒரு முறை ஸ்டர்லென்னால் எடுத்துக்கொள்ளுங்கள். அது பஃபர் அளவைவிடக் குறைவா என்று பாருங்கள். சமமாக இருந்தாலும் கூடாது, நல்லுக்கு இடம் வேண்டும். குறைவு என்றால் மெம்காப்பி மூலம் நீளத்தோடு ஒன்று கூட்டி அத்தனை பைட்டை நகலெடுங்கள். குறைவில்லை என்றால் பிழையைத் திருப்பிவிட்டு வெளியேறுங்கள். மூன்று நான்கு வரிதான். அதை ஒரு சின்ன ஃபங்ஷனாக எழுதி வைத்துக்கொண்டால் புரோகிராம் முழுவதும் அதையே அழைக்கலாம். இதைப் படிக்கிறவருக்கும் இடம் பத்தாவிட்டால் என்ன நடக்கும் என்பது கண்ணெதிரே தெரியும்.

நீளம் எவ்வளவு வரும் என்றே தெரியாத இடங்களில் நிலையான பஃபரை விட்டுவிட்டுத் தேவையான அளவு மெமரியை மாலோக் மூலம் கேட்டு வாங்கலாம். இங்கே எல்லோரும் விழும் குழி நல்லுக்கான அந்த ஒரு பைட்டை மறப்பது. ஸ்டர்டூப் என்ற ஃபங்ஷன் எண்ணுவது, கேட்பது, நகலெடுப்பது மூன்றையும் சேர்த்தே செய்துவிடும். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் நெடுங்காலமாக இருப்பது. 2023 பதிப்பிலிருந்து சி தரநிலையிலும் இருக்கிறது. வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் உங்களுடையது.

மூலமும் சேருமிடமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால், உதாரணமாக ஒரு ஸ்டிரிங்கின் நடுப்பகுதியை அதன் தொடக்கத்துக்கே நகர்த்துகிறீர்கள் என்றால், ஸ்டர்காப்பியும் மெம்காப்பியும் ஆகாது. அப்படிப் படிந்திருந்தாலும் சரியாக நகலெடுக்கும் மெம்மூவ் தான்.

அளவைக் கூடவே எடுத்துச் செல்லும் மொழிகள்

ரஸ்ட், கோ போன்ற மொழிகளில் ஸ்டிரிங் என்பது முகவரியும் நீளமும் சேர்ந்த ஜோடி. அளவு வாசலில் தொலைவதில்லை, நல் தேவையில்லை, எல்லைக்கு வெளியே எழுத முயன்றால் புரோகிராம் நின்றுவிடும். சி++ மொழியின் ஸ்டிரிங் வகுப்பு தேவைக்கேற்பத் தானே வளர்ந்துகொள்ளும்.

ஆனால் நம் கேள்வி இங்கேயும் விடவில்லை. ரஸ்டில் ஒரு ஸ்லைஸை (அரேயின் ஒரு பகுதியை) இன்னொன்றுக்கு நகலெடுக்கும் வழக்கமான வழியில், இரண்டின் நீளமும் ஒன்றாக இல்லாவிட்டால் புரோகிராம் பேனிக் ஆகி நிற்கும். கோ மொழியின் காப்பி, இரண்டில் சின்னது எதுவோ அந்த அளவு மட்டும் நகலெடுத்துவிட்டு, எத்தனை என்று சொல்லும். அந்த எண்ணைப் பார்க்காவிட்டால் பழைய கதைதான்: மெமரி பத்திரம், தகவல் பாதி.

சி-யிலேயே இருக்க வேண்டியவர்களுக்குக் கருவிகள் உதவும். அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்துக் கம்பைல் செய்தால் பஃபருக்கு வெளியே எழுதிய கணத்திலேயே புரோகிராமை நிறுத்தி, எந்த வரி என்று காட்டும். ஆனால் நாம் மேலே பார்த்த கொடி உதாரணத்தில் 8 இலக்கங்கள் வரும்போது அது வழக்கமாகப் பிடிக்காது, ஏனென்றால் எழுதியது அதே ஸ்டிரக்டுக்குள்தான். ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் என்ற ஏற்பாட்டை இரண்டாம் நிலையில் வைத்து, ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால், அளவு கம்பைலருக்குத் தெரிகிற இடங்களில் அதையும் பிடிக்கும்.

தமிழ் எழுத்துகள் வந்தால்

இதுவரை இலக்கங்களை வைத்தே பேசியதற்குக் காரணம் இருக்கிறது: ஒரு இலக்கம் ஒரு பைட். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் 3 பைட் எடுக்கும். "தமிழ்" என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள். 15 பைட், நல்லோடு 16.

12 பைட் பஃபரில் இதை ஸ்டர்எல்காப்பி செய்தால் 11 பைட் உள்ளே போகும். அதாவது "தமி" என்ற 9 பைட்டும், ழகரத்தின் மூன்றில் இரண்டு பைட்டும். அந்த இரண்டு பைட்டுக்குத் தனியாகப் பொருளே இல்லை. திரையில் கேள்விக்குறி வரலாம், ஜேசான் படிக்கும் புரோகிராம் மொத்தத்தையும் நிராகரிக்கலாம். பஃபர் 13 பைட் என்றால் 12 பைட் சுத்தமாக உள்ளே போகும். ஆனால் கிடைப்பது "தமிழ", புள்ளி வெளியே நின்றுவிட்டது.

முதல் சிக்கலுக்கு வழி எளிது. யுடிஎஃப்-8-இல் ஓர் எழுத்தின் தொடர்ச்சியாக வரும் பைட்டுகளின் மதிப்பு எப்போதும் 128 முதல் 191 வரைதான் இருக்கும். வெட்ட வேண்டிய இடத்தில், விடுபடப் போகும் முதல் பைட் அந்த வரம்புக்குள் இருந்தால், அப்படி இல்லாத பைட் வரும்வரை பின்னால் வந்து அங்கே நல் வைத்தால் போதும். புள்ளியும் குறியும் பிரியாமல் பார்ப்பதற்கு யூனிகோடின் எழுத்து எல்லை விதிகள் தெரிந்த ஐசியு போன்ற நூலகம் வேண்டும்.

அதனால் பெயருக்கு 20 எழுத்து என்று ஒரு விவரக்குறிப்பில் பார்த்தால், 20 எதன் எண்ணிக்கை என்று முதலில் கேட்டுவிடுங்கள். பைட் என்று எடுத்துக்கொண்டு நல்லுக்கும் சேர்த்து 21 பைட் ஒதுக்கினால் "ஸ்ரீமதி" உள்ளே போகாது: ஸ்ரீக்கு 12, மகரத்துக்கு 3, 'தி'-க்கு 6, நல்லுக்கு 1, ஆக 22.